ஊர்ப் பெயரோடு லாகோஸுக்குக் கிளம்பிப் போன அக்கே விழா: சரியா, தப்பா?

லாகோஸ்வாசி | சனி இரவு 9.40

உலக இலக்கிய விழாக்கள் இழையில் ஜெய்ப்பூர், எடின்பரோ என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் "அக்கே" என்று ஒரு வார்த்தை போட்டேன். அது தின்கிற பண்டமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அங்கேயே பதில் எழுதினால் இழை திசைமாறிப் போகும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன்.

முதலில் என் தகுதி: ஒன்றும் கிடையாது. 2014-லிருந்து நைஜீரியாவின் லாகோஸில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் வேலை. சொந்த ஊர் உடன்குடி. படிப்பேன், அவ்வளவுதான்.

அக்கே என்பது அபெயோகுட்டா நகரத்தில் ஒரு பேட்டை. லாகோஸுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். யொரூபா பேசும் எக்பா மக்கள் 1830 வாக்கில் சண்டைக்குத் தப்பி வந்து ஓலுமோ என்ற பெரிய பாறையை அண்டிக் குடியேறினார்கள். அபெயோகுட்டா என்றாலே பாறைக்கு அடியில் என்றுதான் பொருள். அவர்கள் அரசருக்கு அலாக்கே என்று பட்டம், அதாவது அக்கேக்கு உடையவர். அரண்மனையும் அந்தப் பேட்டையில்தான். வோலே சோயிங்கா (1986 நோபல்) தலைமையாசிரியர் மகனாக அங்கே தேவாலய வளாகத்தில் வளர்ந்தார். 1981-ல் எழுதிய பால்ய நினைவுகளுக்கு அக்கே என்றே தலைப்பு வைத்தார். 2013-ல் கவிஞரும் நாவலாசிரியருமான லோலா ஷோனெயின் அந்த ஊரில் ஒரு புத்தக, கலை விழா தொடங்கியபோது அதே பெயரைச் சூட்டினார்.

நான் போனது 2016 நவம்பரில். லாகோஸிலிருந்து அபெயோகுட்டா சாலை அப்போது சாலை என்று சொல்லும்படி இல்லை. லாரி கவிழ்ந்து கிடக்க, காலையில் கிளம்பியவன் மதியம் போய்ச் சேர்ந்தேன். குட்டோ என்ற இடத்தில் ஜூன் 12 கலாச்சார மையம். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு: 1993 ஜூன் 12 தேர்தலில் ஜெயித்தும் ராணுவம் ரத்து செய்ததால் ஆட்சிக்கு வரமுடியாமல், 1998-ல் காவலிலேயே இறந்துபோன அபியோலா இந்த ஊர்க்காரர்.

உள்ளே ஒரு பக்கம் ஓவியக் கண்காட்சி, ஒரு பக்கம் நாடக ஒத்திகை, நடுவில் புத்தகக் கடை. ஒரு நாவலை எடுத்துப் பின்பக்கம் புரட்டினேன். "இந்தியாவில் அச்சிடப்பட்டது." இங்கே நிறையப் பதிப்பாளர்கள் நம் பக்கம்தான் அச்சடிக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது. கொள்முதல்காரன் புத்தி, உடனே சரக்குக் கட்டணம் என்ன ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டது.

எனக்குப் பிடித்தது கூட்டம் இருந்த விதம். பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளைகள் முன்வரிசையில். மேடையில் பேசி முடித்த எழுத்தாளர் அடுத்த நிமிஷம் வராந்தாவில் தட்டு ஏந்தி ஒஃபாடா சோற்றுக்கு வரிசையில் நிற்கிறார். தப்பித்துப் போக வேறு இடம் இல்லை, சின்ன ஊர். சாயங்காலம் கள்ளும் கவிதையும் என்று ஒரு நிகழ்ச்சி. நிஜக் கள்.

2018-ல் விழா லாகோஸுக்கு மாறிவிட்டது. 2019-ல் அங்கேயும் போனேன், இகேஜா பக்கம் நட்சத்திர ஹோட்டல், குளிர்சாதனம், நல்ல ஒலிபெருக்கி. நிகழ்ச்சிகளில் குறை சொல்ல முடியாது. ஆனால் அபெயோகுட்டா பேரை வைத்துக்கொண்டு அபெயோகுட்டாவை விட்டு வந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஊர்ப் பேர் வைத்த விழா ஊரை விட்டுப் போகலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சுண்டல்பொட்டலம் | சனி இரவு 9.58

எல்லாம் எழுதினீங்க. கள்ளு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி காணோமே அண்ணே.

ஏட்டுச்சுவடி | சனி இரவு 10.25

நல்ல பதிவு, நன்றி. ஆனால் இடத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த விழா எந்த மொழியில் நடந்தது?

அபெயோகுட்டா என்ன ஊர் என்று பாருங்கள். நைஜீரியாவின் முதல் செய்தித்தாள் 1859-ல் அங்கேதான் அச்சானது, யொரூபா மொழியில். ஹென்றி டவுன்செண்ட் என்ற பாதிரியார் நடத்தியது. "ஈவே ஈரோயின்" என்று பேர். அப்படிப்பட்ட ஊரில் 150 வருஷம் கழித்து விழா நடத்தி, மேடையில் ஆங்கிலம் பேசினால் அது யாருக்கான விழா?

இது புதுச் சண்டையும் இல்லை. 1962-ல் உகாண்டாவில் மக்கெரேரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு கூட்டினார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். யொரூபாவில் நாவல் எழுதிய ஃபகுன்வா அப்போது உயிரோடு இருந்தார், 1938-லேயே முதல் நாவலை வெளியிட்டவர். அந்த அழைப்பின்படி அவருக்கு அங்கே இடம் இல்லை. மாணவனாக அங்கே போயிருந்த கூகி வா தியாங்கோ பிற்காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லி ஆறவில்லை. அடுத்த வருஷமே நைஜீரியாவின் ஓபி வாலி, இப்படி எழுதுவது முட்டுச்சந்துக்குத்தான் போகும் என்று ஒரு கட்டுரை போட்டுக் கொளுத்தினார்.

லாகோஸ்வாசி | சனி இரவு 10.51

@சுண்டல்பொட்டலம்: வருகிறேன் தம்பி, பொறு.

@ஏட்டுச்சுவடி: நீங்கள் சொல்வது நான் நேரில் பார்த்ததுதான் ஐயா. பெரும்பாலும் ஆங்கிலம். யொரூபா வந்தது பாட்டில், வாழ்த்தில், சிரிப்பில். ஒருத்தர் ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டே வந்து, முக்கியமான இடத்தில் ஒரு யொரூபா பழமொழி போடுவார். அரங்கத்தில் பாதி "ஏ!" என்று கத்தும். மீதிப் பாதி பக்கத்து ஆளிடம் அர்த்தம் கேட்கும். நான் கேட்கிற கட்சி. என் பக்கத்தில் இருந்தவர் இக்போ மொழிக்காரர், அவரும் கேட்கிற கட்சி. அங்கேதான் எனக்குச் சிக்கல் விளங்கியது. நைஜீரியாவில் மட்டும் 500-க்கு மேல் மொழிகள். கானா நாட்டிலிருந்து வந்தவருக்கும் வடக்கு நைஜீரியாவின் கானோ நகரத்திலிருந்து வந்தவருக்கும் யொரூபா தெரியாது.

இன்னொன்று: அந்த வருஷம் முக்கிய விருந்தினரே கூகிதான். கென்யாக்காரர், கிழக்கு ஆப்பிரிக்கா.

ஏட்டுச்சுவடி | சனி இரவு 11.02

கூகியே வந்திருந்தாரா! கிக்குயூவில்தான் எழுதுவேன் என்று சிறையில் கழிப்பறைத் தாளில் நாவல் எழுதின மனுஷன். அவரும் அங்கே ஆங்கிலத்தில்தானே பேசியிருப்பார்? எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

லாகோஸ்வாசி | ஞாயிறு காலை 8.15

விடிந்துவிட்டது, கள் நேரம்.

நான் பனங்காட்டுப் பிள்ளை. தாத்தா பனையேறி. காலில் திளாப்பு, இடுப்பில் அரிவாள் பெட்டி, கருக்கலில் ஏறி இறங்கும் ஆள். அதனால் கள்ளைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. இங்கே மரம் வேறு. எண்ணெய்ப்பனை, இல்லையென்றால் ராஃபியா. நம் பனை மாதிரி சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கும் வழக்கத்தை நான் இங்கே பார்க்கவில்லை. சுரைக்குடுக்கையில் ஊற்றித் தந்தார்கள். பால் நிறம், மேலே நுரை, நுரையில் ஒரு செத்த ஈ. ஊதிவிட்டுக் குடித்தேன். முதல் வாயில் இனிப்பு, இரண்டாவது வாயில் மூக்கில் ஏறியது. காலையில் இறக்கியது சாயங்காலம் வரை இருந்தால் அப்படித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது புளிப்பினாலா தாத்தா நினைப்பினாலா என்று கேட்காதீர்கள்.

கள்ளைப் பேசினால் இன்னொரு அபெயோகுட்டாக்காரரையும் சொல்ல வேண்டும். அமோஸ் டுட்டுவோலா, 1920-ல் அங்கே பிறந்தவர். ஆறேழு வருஷம்தான் பள்ளிக்கூடம். லாகோஸில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்தபடி ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். 1952-ல் லண்டனில் வந்தது. கதை இதுதான்: பத்து வயதிலிருந்து கள் குடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒருவன். அப்பா அவனுக்கு 5,60,000 மரம் உள்ள பனந்தோப்பு எழுதி வைக்கிறார், ஓர் ஆள் தினம் காலையில் 150 குடம் இறக்கித் தருகிறான். அந்த ஆள் மரத்திலிருந்து விழுந்து சாகிறான். இவனுக்கு வேறு யார் இறக்கும் கள்ளும் ருசிக்கவில்லை. செத்தவனைத் தேடி, செத்தவர்கள் ஊருக்கே நடந்து போகிறான்.

அந்த ஆங்கிலம் இலக்கணத்துக்கு அடங்காத ஆங்கிலம். யொரூபாவில் யோசித்து ஆங்கிலத்தில் கை வைத்தது. லண்டனில் கொண்டாடினார்கள். இங்கே படித்த நைஜீரியர்களில் பலருக்கு மானம் போனது, "வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான்" என்று. ஏட்டுச்சுவடி ஐயா, இந்த ஆளை எந்த மொழிக் கணக்கில் எழுதுவீர்கள்?

வன்னிக்காரி | ஞாயிறு காலை 10.30

இதை வாசிக்க எனக்கு என்ர பெரியப்பான்ர ஞாபகம் வருது. 1981-ல நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போனவர், கணித வாத்தியார். அந்த நேரம் யாழ்ப்பாணத்திலயிருந்து கனபேர் போனவை. அங்க எண்ணெய்க் காசு புழங்கின காலம், பள்ளிக்கூடங்களைத் திறந்து திறந்து விட்டவங்கள், படிப்பிக்க ஆக்கள் இல்லை.

அவர் இருந்தது ஒண்டோ மாநிலத்தில ஒரு சின்ன ஊர். காலமை வகுப்புக்குப் போனா பெடியள் நெடுஞ்சாண்கிடையா விழுந்து வணக்கம் சொல்லுவினமாம். "எங்கட பெடியள் சைக்கிளால இறங்கவே மாட்டாங்கள்" எண்டு சொல்லிச் சிரிப்பார். பிறகு எண்ணெய் விலை விழுந்து, நைரா எண்ட அவங்கட நாணயமும் விழுந்து, வீட்டுக்குக் காசு அனுப்ப ஏலாமல் போச்சு. 86-ல வெளிக்கிட்டவர். ஊருக்குத் திரும்பேலாத நிலைமை, லண்டனுக்கு வந்தவர்.

நைஜீரிய எழுத்தாளர் அச்செபேயின்ர முதல் நாவலை என்.கே. மகாலிங்கம் "சிதைவுகள்" எண்டு தமிழாக்கினது வீட்டில இருந்தது. பெரியப்பா அதை வாசிச்சிட்டு, "இதில வாற வள்ளிக்கிழங்கை நான் உரலில இடிச்சுத் தின்டனான்" எண்டவர். எங்களுக்கு அது கதை, அவருக்கு அது சாப்பாடு.

லாகோஸ்வாசி அண்ணா, ஊரை விட்டுப் போறதைப் பற்றி என்னட்டக் கேட்டா, பேரையாவது கொண்டு போகட்டும் எண்டுதான் சொல்லுவன்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு காலை 11.10

உணர்ச்சி எல்லாம் சரி. விழா நடத்துகிறவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெளிநாட்டு விருந்தினர் இறங்குவது லாகோஸ் விமான நிலையம், அது இருப்பதே இகேஜாவில். அங்கிருந்து நீங்களே எழுதின அந்தச் சாலையில் ஒரு 70 வயது எழுத்தாளரை ஏற்றி அனுப்புவீர்களா? பணம் கொடுக்கிற வங்கி, போன் கம்பெனி, தூதரகம் எல்லாம் லாகோஸில். புத்தகம் வாங்குகிற கூட்டமும் அங்கே.

நைரா கதையையும் சேருங்கள். 2014-ல் ஒரு டாலருக்கு 160 நைராவை ஒட்டி இருந்தது. 2024-ல் 1,500-ஐத் தாண்டிவிட்டது. 15 டாலர் புத்தகம் அன்று 2,400 நைரா, 2024-ல் 22,500. குறைந்தபட்ச மாதச் சம்பளம் அன்று 18,000, 2024-ல் 70,000. அதாவது அன்று ஒரு புத்தகத்துக்கு நாலு நாள் கூலி, 2024-ல் பத்து நாள் கூலி. இந்த நிலையில் பன்னிரண்டு வருஷம் ஒரு தனி மனுஷி விழாவை நிறுத்தாமல் ஓட்டியதே பெரிய காரியம். 2020-ல் நோய்த்தொற்றுக் காலத்தில்கூட இணையத்தில் நடத்தினார்கள்.

அரசமரம் | ஞாயிறு மதியம் 12.05

ஒரு தனி மனுஷி என்று கணக்குப்பிள்ளை சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் அரசாங்கம் நடத்தின விழா என்ன கதி ஆனது என்றும் பார்க்க வேண்டும்.

1966-ல் டக்காரில் செனகல் அதிபர் செங்கோர் முதல் கறுப்பினக் கலைவிழா நடத்தினார். இரண்டாவது லாகோஸில், ஃபெஸ்டாக் என்ற பெயரில். 1977 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை, 50-க்கு மேற்பட்ட நாடுகள். எண்ணெய்ப் பணத்தைக் கொட்டினார்கள். தேசிய நாடக அரங்கம் கட்டினார்கள், கலைஞர்கள் தங்க ஒரு நகர்ப்பகுதியே கட்டினார்கள். விழாவின் சின்னம், இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் ராஜ்ஜியத்தின் அரசமாதா இடியாவின் யானைத்தந்த முகமூடி. 1897-ல் ஆங்கிலேயப் படை பெனின் நகரத்தைக் கொளுத்திக் கொள்ளையடித்தபோது போனது. விழாவுக்கு இரவல் கேட்டார்கள். பிரிட்டிஷ் மியூசியம் தரமாட்டேன் என்றது. நகல் செய்து வைத்தார்கள்.

இனிமேல்தான் விஷயம். பாடகர் ஃபெலா, இவரும் அபெயோகுட்டாவில் பிறந்தவர், சோயிங்காவுக்கு உறவு. ஊழல் என்று சொல்லி ஃபெஸ்டாக்கைப் புறக்கணித்தார். தன் இடத்தில் தனியாகப் பாடினார், வெளிநாட்டிலிருந்து வந்த கலைஞர்கள் ராத்திரி அங்கே போய் உட்கார்ந்தார்கள். விழா முடிந்தது பிப்ரவரி 12. ஆறாவது நாள், 18-ஆம் தேதி, ராணுவத்தினர் அவர் வீட்டைச் சூழ்ந்து எரித்தார்கள். அவருடைய அம்மா ஃபுன்மிலாயோவை மாடி ஜன்னலிலிருந்து கீழே தள்ளினார்கள். 76 வயது. அடுத்த வருஷம் ஏப்ரலில் இறந்தார்.

அந்த அம்மா யார் தெரியுமா? 1947-ல் அபெயோகுட்டாச் சந்தைப் பெண்களைத் திரட்டி, பெண்களுக்குத் தனி வரி போட்டதை எதிர்த்து அலாக்கேயின் அரண்மனை வாசலில் ஆயிரக்கணக்கில் உட்கார வைத்தவர். வசைப்பாட்டு பாடியே ராஜாவை ஒரு வழி பண்ணினார்கள். 1949 ஜனவரியில் அவர் பட்டம் துறந்து ஊரை விட்டுப் போனார். சிறுவன் சோயிங்கா அந்தப் பெண்களுக்கு இடையில் ஓடித் திரிந்ததைத் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அக்கே என்ற வார்த்தைக்குள் இவ்வளவு இருக்கிறது. ஹோட்டல் அறையில் அந்தப் பெயரை எழுதி மாட்டினால் இதெல்லாம் கூட வருமா?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு மதியம் 12.20

அபெயோகுட்டாவிலேயே மாட்டினாலும் வராது அண்ணே. யாராவது எடுத்துச் சொன்னால்தான் வரும். நீங்கள் இப்போது சொன்னது எங்கே உட்கார்ந்து?

அரசமரம் | ஞாயிறு மதியம் 12.31

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில். ஒப்புக்கொள்கிறேன்.

அவுரிக்காரி | ஞாயிறு மதியம் 2.45

நான் துணித் துறை. அபெயோகுட்டா என்றதும் எனக்கு ஆதிரே துணிதான். லாகோஸ்வாசி அண்ணா வாங்கினீர்களா? இட்டோக்கு சந்தைக்குப் போனீர்களா? தரையும் வானமும் நீலமாக இருக்கும் என்று எங்கள் ஆசிரியை சொல்வார்.

தெரியாதவர்களுக்கு: வெள்ளைத் துணியில் மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கோழி இறகால் தொட்டுக் கோலம் போடுவார்கள். காய்ந்ததும் அவுரிச் சாயத்தில் முக்கி எடுத்துக் காற்றில் விரித்து, மறுபடி முக்கி, மறுபடி விரித்து. தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், கண் முன்னால் நீலமாக மாறும். கஞ்சி இருந்த இடத்தில் சாயம் ஏறாது, சுரண்டினால் கோலம் வெளியே வரும். கட்டி முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவதும் உண்டு, அது நம் சுங்குடிக்குச் சித்தி மகள். ஒவ்வொரு கோலத்துக்கும் பேர் உண்டு. ஒன்றுக்கு "இபடான் இனிக்கிறது" என்று பேர். பெரும்பாலும் பெண்கள் தொழில். மேலே அரசமரம் ஐயா சொன்ன போராட்டத்தில் உட்கார்ந்தவர்களில் இந்தச் சாயக்காரிகளும் இருந்திருப்பார்கள்.

லாகோஸ்வாசி | ஞாயிறு மதியம் 3.20

வாங்கினேன் தங்கச்சி. முதல் நாள் ஏமாந்தேன், அழகாக இருந்ததென்று எடுத்தது சீனத்துப் பிரிண்ட். துணியின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லி மறுநாள் ஒரு அம்மா கற்றுக்கொடுத்தார். நிஜத்தில் பின்பக்கமும் ஓரளவு ஏறியிருக்கும், விரலில் தேய்த்தால் நீலம் ஒட்டும். என் மனைவி அதைத் தனியாகத் துவைக்காமல் போட்டு என் வெள்ளைச் சட்டை நாலும் இப்போது ஆகாய நிறம்.

தவில்வீடு | ஞாயிறு மாலை 5.10

வணக்கம். எங்க வீட்ல தவில். நான் வாசிக்கிறதில்ல, வேலை வேற. ஒரு சந்தேகம். அங்க "பேசும் மேளம்" இருக்குன்னு காணொளி பாத்தேன். இடுப்பு ஒடுங்கின மேளம், அக்குள்ல வச்சு வாரை அமுக்கி, வளைஞ்ச குச்சியால அடிக்கிறாங்க. நம்ம உடுக்கை மாதிரிதானே? நிஜமாவே பேசுதா இல்ல சும்மா சொல்றதா?

லாகோஸ்வாசி | ஞாயிறு மாலை 6.00

அதுக்குப் பேர் டுண்டுன். நிஜமாகவே பேசும், ஆனால் யொரூபா தெரிந்த காதுக்கு. யொரூபாவில் ஒரே எழுத்தைச் சுருதி மாற்றிச் சொன்னால் பொருள் மாறும். மேல், நடு, கீழ் என்று மூன்று சுருதி. "ஓக்கோ" என்பதை ஒரு விதமாகச் சொன்னால் கணவன், இன்னொரு விதமாகச் சொன்னால் மண்வெட்டி, இன்னொன்று வண்டி, இன்னொன்று ஈட்டி. என் டிரைவரின் கணவன் பழுதாகிவிட்டது என்று நான் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாரை அமுக்கினால் அந்தச் சுருதி ஏறி இறங்கும், அதனால் ஒரு வாக்கியத்தின் ராகத்தை அப்படியே அடித்துக் காட்டலாம். ஆனால் ஒரே ராகத்துக்குப் பல சொல் பொருந்துமே? அதனால் மேளக்காரர் ஒற்றைச் சொல் அடிக்கமாட்டார், எல்லோருக்கும் தெரிந்த நீளமான தொடராக அடிப்பார். ஒருத்தருடைய குலப்புகழ், பழமொழி இப்படி. குலப்புகழுக்கு ஒரிகி என்று பேர். நம் மெய்க்கீர்த்தி மாதிரி, ஆனால் ராஜாவுக்கு மட்டும் இல்லை, சாதாரண ஆளுக்கும் உண்டு.

விழாவில் ஒரு மூத்த எழுத்தாளர் உள்ளே நுழைந்தபோது வாசலில் மேளக்காரர் தொடங்கிவிட்டார். அவர் நடையை நிறுத்தி, சிரித்து, பையில் கைவிட்டு நோட்டை எடுத்தார். மேளம் என்ன சொன்னது என்று கேட்டேன். "என் தாத்தா பெயரைச் சொன்னான், இனி கொடுக்காமல் எப்படிப் போவது" என்றார்.

தவில்வீடு | ஞாயிறு மாலை 6.14

அடேங்கப்பா. உடுக்கை அழும், அதட்டும், சாமிய வரவழைக்கும், ஆனா சொல்லு சொல்லாது. எங்க தவில்ல தலைகீழ். தா தீ தொம் நம்னு மேளத்த வாய்ல சொல்லித்தான் பாடம். அங்க வாய மேளத்துல சொல்றாங்க. அப்பாகிட்ட காட்டுறேன்.

ஏட்டுச்சுவடி | ஞாயிறு இரவு 8.05

நாள் முழுக்க யோசித்தேன். தவில்வீடு தம்பிக்கு நன்றி. நான் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் அந்த மேளத்தில் இருக்கிறது. மேடையில் ஆங்கிலம், வாசலில் யொரூபா. வாசலில் நின்றவனுக்கு அழைப்பிதழ் கிடையாது, ஆனால் விழாவில் யாரை எப்படி வரவேற்பது என்று அவன் தீர்மானிக்கிறான். சரி. ஆனாலும் அச்சில் அவனுக்கு இடம் இல்லை என்ற என் குறை அப்படியே இருக்கிறது. டுட்டுவோலா பற்றிக் கேட்டீர்கள். அவரைத் தள்ள முடியாது, அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

அரசமரம் செங்கோரைச் சொன்னதால் ஓர் ஒட்டு. செங்கோருக்குத் திராவிட நாகரிகத்தின் மேல் தீராத ஆசை. கறுப்பர்களுக்கும் திராவிடர்களுக்கும் பூர்வ உறவு உண்டு என்று நம்பியவர். நம் க.ப. அறவாணன் எழுபதுகளின் கடைசியில் டக்கார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியது அந்த ஆர்வம் இருந்த காலத்தில்தான். அந்த உறவுக் கோட்பாட்டை மொழியியலாளர்கள் இன்று ஏற்பதில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். இதைப் பிடித்துக்கொண்டு இழையை லெமூரியாவுக்குக் கொண்டு போகவேண்டாம்.

நெறியாளர் | ஞாயிறு இரவு 8.40

கொண்டு போய்விட்டார்கள். ஏழு பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே விழாவைப் பற்றி மட்டும்.

பரதேசிமகன் | ஞாயிறு இரவு 9.30

அக்கே ஒன்றுதான் விழா என்று நினைத்துவிடப் போகிறார்கள். லாகோஸிலேயே 1999-லிருந்து வேறொரு புத்தக, கலை விழா ஓடுகிறது. கானாவின் அக்ராவில் ஜேம்ஸ்டவுன் தெருவையே ஓவியமாக்கும் சாலே வோட்டே 2011-லிருந்து. எழுத்தாளர்களுக்கு அங்கே பா க்யா விழா இருக்கிறது. பர்கினா ஃபாசோவின் வாகடூகூவில் சினிமாவுக்கு ஃபெஸ்பாக்கோ, 1969-லிருந்து, அதுவும் ராணுவப் புரட்சி நடந்த வருஷங்களைத் தாண்டி. என்னைக் கேட்டால் அந்த ஊர்தான் பாடம். ஏழை நாடு, கடல் இல்லை, விமானம் குறைவு. ஆனால் விழாவை நகர்த்தவில்லை. ஊர் நடுவில் சினிமாக்காரர்களுக்கு ஒரு சதுக்கமே கட்டிவிட்டார்கள், சுற்றிவர வண்டி ஓடுகிறது.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு இரவு 9.41

அது தலைநகரம், அரசாங்கப் பணம். இங்கே ஒரு எழுத்தாளர் தன் கையை நம்பி நடத்துகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

வன்னிக்காரி | ஞாயிறு இரவு 10.15

கணக்குப்பிள்ளை அண்ணா சொல்லுறது சரி. இருந்தாலும் ஒண்டு கேக்கட்டா, லாகோஸ்வாசி அண்ணா? முன்வரிசையில இருந்த அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையள், அவை பிறகு லாகோஸுக்குப் போயிருப்பினமோ?

லாகோஸ்வாசி | திங்கள் இரவு 9.05

அந்தக் கேள்விதான் என் உறுத்தல் அக்கா, நீங்கள் நேராகத் தொட்டுவிட்டீர்கள். லாகோஸிலும் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், 2019-ல் பார்த்தேன். அவர்கள் லாகோஸ் பிள்ளைகள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். விழா ஊரை விட்டது 2018-ல். லாகோஸிலிருந்து இபடான் போகும் புது ரயில் ஓடத் தொடங்கியது 2021-ல். நடுவில் அபெயோகுட்டாவில் நிற்கிறது. அந்த ஸ்டேஷனுக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? வோலே சோயிங்கா. மூன்று வருஷம் பொறுத்திருந்தால் எழுத்தாளர்களை ரயிலில் ஏற்றி அவர் பேரிலேயே இறக்கியிருக்கலாம்.

போன மாதம் அந்த ரயிலில் போனேன். எபுட்டே மெட்டாவில் ஏறினேன். குளிர்சாதனப் பெட்டி, எதிர் சீட்டில் கோழிக்கூடையோடு ஒரு அம்மா, அதை எப்படி உள்ளே விட்டார்கள் என்று கடைசிவரை விளங்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து குட்டோவுக்கு டாக்ஸி. கலாச்சார மையத்தில் அன்று கல்யாண வரவேற்பு. எல்லோரும் ஒரே நிறத் துணி, வாசலில் மேளக்காரர், நோட்டை நெற்றியில் ஒட்டுகிற கலாட்டா. நான் நாவல் புரட்டின இடத்தில் ஜெனரேட்டர் நின்றது.

வாசலில் இருந்த காவல்காரரிடம், அக்கே இங்கேதானே நடக்கும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழி தெரியாத வெளியூர்க்காரன் என்று நினைத்துக்கொண்டார் போல. "அக்கேயா? இங்கே இல்லை. அதோ அந்தப் பக்கம். பைக் பிடித்தால் பத்து நிமிஷம், அரண்மனையில் இறங்கிக்கொள்" என்று கையை நீட்டினார்.

சுண்டல்பொட்டலம் | திங்கள் இரவு 9.12

கள்ளு கெடச்சுதாண்ணே?

லாகோஸ்வாசி | திங்கள் இரவு 9.30

கிடைத்தது. பெட்ரோல் பங்குக்குப் பின்னால், பிளாஸ்டிக் கேனில். சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது.